கொளஞ்சிநாதனின் ஆடாத படங்கள்

கொளஞ்சிநாதனுக்குக் கை நடுக்கம். காய்ச்சலில் வந்ததல்ல, குடியில் வந்ததுமல்ல. அவனுடைய அப்பாவுக்கும் இருந்தது. ஆனால் விருத்தாசலத்தில் ஒருவன் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தால், அதற்கு ஊர் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருந்தது. பெண் பார்க்கப் போன இடங்களில் காபி டம்ளரை எடுக்கும்போதே சம்பந்தம் முறிந்துவிடும். கனகா வீட்டில் மட்டும் அவன் காபி வேண்டாமென்று சொல்லிவிட்டான். கல்யாணம் நடந்தது.

அப்போது அவன் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தான். சுடாத பொம்மைகளைப் பலகையிலிருந்து தூக்கிச் சூளைக்குள் அடுக்க வேண்டும். அவன் அடுக்கிய கிருஷ்ணர்களில் பாதிப் பேருக்குப் புல்லாங்குழல் இல்லை. முதலாளி தங்கராசு நல்ல மனிதர். "தம்பி, வேற எதுனா வேல பாரேன்" என்றார். கொளஞ்சிநாதன் பார்த்தது வீடியோ எடுக்கிற வேலை.

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த எண்பத்தெட்டாம் வருஷத்தில் வீடியோ கேமரா என்பது தோளில் ஏற்றுகிற சாமான். அது அழுத்துகிற அழுத்தில் கைக்கு ஆடத் தெம்பு இருக்காது. சில வருஷம் அவன் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன.

பிறகு சின்னக் கேமரா வந்தது. கல்யாண வீட்டார் எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கனகாவின் அண்ணன் மணி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒன்று வாங்கிவந்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தக் கேமராவில் கொளஞ்சிநாதன் எடுத்த முதல் படத்தில் கொல்லை முருங்கை மரம் புயலில் நிற்பதுபோல் நின்றது. அன்று காற்றே இல்லை.

மணி ஒரு பட்டனைக் காட்டினான். "இதப் போடு மாப்ள. உள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டரு இருக்குது. படத்தோட ஓரத்தக் கொஞ்சம் வெட்டிக்கும். அந்த எடத்துல படத்த இப்பிடி அப்பிடி நவுத்தி ஆடாத மாதிரி காட்டும்."

கொளஞ்சிநாதன் பட்டனைப் போட்டுச் சுவர்க் கடிகாரத்தை எடுத்து டிவியில் ஓட்டினான்.

"கனகா, இங்க வா. கடியாரம் ஆடுதா?"

"பெண்டுலம் ஆடுது."

"கடியாரம்?"

"கடியாரம் ஏங்க ஆடப்போவுது?"

அவன் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தான். தன் கை அசையாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

நல்லூரில் ஒரு கல்யாணம். வீட்டுக் கூடத்திலேயே மணவறை. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றார்கள். கொளஞ்சிநாதன் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டிவிட்டது. பட்டனைப் போட்டால் வெட்டுப்படும் ஓரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா பஞ்சநாதன் நின்றார். நிறுத்தினால் அவர் உள்ளே வந்தார், ஆனால் குடும்பமே நடுங்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டான்.

கேசட்டைப் பார்த்துவிட்டுப் பஞ்சநாதன் பஸ் ஏறி வந்தார்.

"என்னாப்பா இது? கல்யாணத்துக்கு என் துண்டு மட்டும் வந்துருக்குது?"

"பட்டன நிறுத்தினா நீங்களும் வருவீங்க பெரியவரே. ஆனா எல்லாரும் ஆடுவீங்க."

"ஆடினா ஆடிட்டுப் போறோம். கல்யாண வூடுதான?"



அடுத்த மாசி மகத்துக்கு மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்த விருத்தகிரி தேரோட்டத்தை எடுக்கச் சொன்னார். தேர் தம் மண்டியைத் தாண்டிப் போவது கட்டாயம் வேண்டும் என்றார். கொளஞ்சிநாதன் கூட்டத்துக்குள் நின்று, தேர் படம் முழுக்க அடைக்கும்படி எடுத்தான். அன்று சாயங்காலமே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த விருத்தகிரி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தேரு நிக்குது. என் மண்டி நவுருது. பாரு. அப்பறம் தேரு தவள மாதிரி ஒரு தாவு தாவுது. மறுபடி நிக்குது." குரலைத் தாழ்த்தினார். "தோஷம் எதுனாவா?"

"தோஷம் இல்லீங்க. பட்டன்."

கேமராவுக்குள் இருந்த கம்ப்யூட்டருக்குப் படம் நகர்வதுதான் தெரியும். நகர்த்துவது கையா, தேரா என்று தெரியாது. தேர் நகர்ந்ததைக் கை நடுக்கம் என்று எண்ணி, நகர்த்த இடம் இருக்கும்வரை அது தேரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கொளஞ்சிநாதன் இதை விளக்கினான். விருத்தகிரி பரிகாரம் செய்துகொண்டார்.

அதன்பின் ஒரு வருஷம் அவன் கேமராவுக்கு ஸ்டாண்டு போட இடமிருக்கும் கல்யாணங்களுக்கு மட்டும் போனான். அப்படிப்பட்ட கல்யாணங்கள் குறைவு. கடைசியில் தோள் கேமராவை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனான். அங்கே கடைக்காரர் வேறொரு கேமராவை எடுத்து வைத்தார்.

"இது படத்தத் தொடாது சார். லென்ஸ்லயே ரெண்டு கண்ணாடி, நடுவுல எண்ணெய் மாதிரி ஒண்ணு. உங்க கை எப்படி ஆடுதோ, அதுக்கு எதிரா கண்ணாடி சாயும். வெளிய என்ன ஓடுதுன்னு அதுக்குக் கவலையில்ல. ஓரமும் வெட்டாது."

கொளஞ்சிநாதன் கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்து எடுத்தான். பஸ்கள் போயின. விளக்குக் கம்பம் நின்றது. வேகமாகத் திருப்பினால் மட்டும் படம் சற்றுத் தயங்கித் திரும்பியது. அதை அவன் பொருட்படுத்தவில்லை. கண் கலங்கியதால் சரியாகவும் தெரியவில்லை.

பக்கத்திலிருந்த மங்களூர் கிராமத்தில் அவன் எடுத்த கல்யாணத்தைப் பார்த்த பெண்ணின் அப்பா நல்லமுத்து அசந்துபோனார். ஓரத்தில் நின்றவர்கள்கூட முழுசாக, துலக்கமாக இருந்தார்கள். கொளஞ்சிநாதனுக்கு டீ கொடுத்தார். பாதி டீ சாசரில் சிந்தியது.

"நெசமா இத யாருப்பா எடுத்தது?"

"நாந்தாங்க."

"சரி, சொல்ல வாணாம்னா வுடு."

அவன் மனைவிதான் மறைவில் நின்று எடுக்கிறாள் என்று பேச்சு பரவியது. சில மாதத்தில் கம்மாபுரத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து, "அம்மாவே வந்துடட்டும்" என்றார். அவர் சொன்ன முகூர்த்தத்தில் கொளஞ்சிநாதனுக்கு வேறு ஊரில் வேலை இருந்தது. மறுக்க வாயெடுத்தவன் கனகாவைப் பார்த்தான்.

"கத்துக் குடுத்தா போறேன்" என்றாள் கனகா.

சிங்கப்பூர்க் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தான். அவளுக்குக் கை கல் மாதிரி. பட்டன் இல்லாமலே கடிகாரம் கடிகாரமாக இருந்தது, ஓரங்களும் முழுசாக இருந்தன. சமையல்கட்டுக்குள்ளும் மணப்பெண் அறைக்குள்ளும் அவளால் போக முடிந்தது. அடுத்த வைகாசியில் அவளைக் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

கொளஞ்சிநாதன் வருத்தப்படவில்லை. தன் வீடியோக் கடையின் பெயர்ப் பலகையில் அவள் பெயரையும் எழுத வேண்டும் என்றான். பெயிண்டர் பக்கிரி வர நாளானது. கொளஞ்சிநாதன் தானே ஏணியில் ஏறி எழுதிவிட்டான்.

"என்னாங்க, பேரு ஆடுது" என்றாள் கனகா.

"ஆடட்டும். படிக்க வருதா?"

"வருது."

அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.