கிளாரி ஒளித்து வைத்த ஷீபா ராணி

கிளாரி ஹாப்டே எங்கள் ஊரில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டத்தில் எல்லோருடைய முகவரியும் தெரிந்த மனிதர், ஓர் ஆர்க்கிட் பூச்செடியின் முகவரியை மட்டும் சொல்ல மாட்டார். இடம் தெரிந்தால் திருடர்கள் தோண்டிக்கொண்டு போவார்கள் என்று எங்கள் காட்டுப்பூக் குழுவில் எல்லோருமே வாயைத் திறக்க மாட்டோம். கிளாரி அதை ஒரு மதமாகவே ஆக்கிவிட்டார்.

ஷீபா ராணி என்கிற அந்த ஆர்க்கிட் லேசில் பூக்காது. முறுக்கிய ஒற்றை இலை வருஷக்கணக்கில் சும்மா நிற்கும். பூத்தாலும் வெயில் சுட்டால்தான் விரியும். தன்னிடம் ஒன்று இருப்பதாக ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் கிளாரி. யாரும் நம்பவில்லை, முதுகுக்குப் பின்னால் புளுகன் என்றோம். அந்த ஆகஸ்டில் மொட்டு வந்துவிட்டது, காட்டுகிறேன் வாருங்கள் என்றார்.

ஐந்து பேர் போனோம். வேரழுகல் நோய் பரவாமலிருக்க, காலணி அடியை பிரஷால் தேய்த்து ஸ்பிரிட் தெளிக்க வைத்தார். என்னுடையதை இரண்டு தடவை. போன்களைப் பிடுங்கிக்கொண்டார். அவர் மனைவி கிளெனிஸ் முழங்கால் வலிக்காரி, டீ போட வண்டியோடு தங்கிவிட்டாள்.

பிறகு செக்கு மாடு மாதிரி சுற்றினோம்.

"கிளாரி, இந்தக் கருகின மரத்த மூணாவது தடவையா பாக்கறோம்," என்றாள் எங்கள் குழுவின் தெல்மா.

"உனக்கு வழி மறக்கத்தான் இந்தச் சுத்து. பேசாம வா."

உச்சி வெயிலில், முட்புதருக்குள் எங்களைக் குனிய வைத்துக் கூட்டிப்போனார். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு கடைசிப் புதரை விலக்கினார்.

எதிரே அவருடைய வண்டி நின்றது. வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்பக்கமாகவே எங்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார் மனுஷன்.

"வெயில் தாங்கல, அதான் வண்டிய மரத்தடிக்கு எடுத்துட்டு வந்தேன்," என்றாள் கிளெனிஸ், கெட்டிலோடு.

கிளாரி முன்சக்கரத்தருகே மண்டியிட்டார். தெல்மாவும் குனிந்து பார்த்தாள். டயர் தடத்தில் ஊதாவும் மஞ்சளுமாக ஏதோ நசுங்கிக் கிடந்தது.

"இவன் புளுகலப்பா. நிஜமாவே இருந்திருக்கு," என்றாள் எங்களிடம்.

பாவமாகத்தான் இருந்தது எனக்கு. சிரிப்பும் வந்தது, மறைக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள் கிளெனிஸ்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது, கிளெனிஸ்."

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"நாப்பது வருஷமா உன் பக்கத்துல படுக்கறேன். நான் யாரோவா?"