மூன்றாம் பக்கத்து ஓரம்

என் மேசை லாச்சிக்குள் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று கிடக்கிறது. நீண்ட பட்டியல்களில் வேண்டியதைத் தேடித் தரும் ஒரு கணினிக் கருவிக்கு நான் எழுதிய முதல் அறிமுகம். படமோ பொத்தானோ இல்லாத கருவி. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதி என்டரைத் தட்டவேண்டும், அவ்வளவுதான். ‘எவருக்கும் விளங்கும்’ என்று அட்டையில் போட்டிருந்தேன். என்ன திமிர் எனக்கு! மூன்றாம் பக்க ஓரத்தில் பென்சிலால் சில நேரங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அது நேர்ஸ் அக்காவின் கையெழுத்து.

அவருக்கு நெடுந்தீவு கிளினிக்கில் வேலை. சீனி வருத்தக்காரரின் ஒரு வருடப் பட்டியலில், மருந்தெடுக்க வராமல் விட்டவர்களைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று ஊர்காவற்றுறைக்கு என்னிடம் வந்தார். வந்ததுமே சொல்லிவிட்டார்: “தம்பி, இரண்டரைப் போட்தான் கடைசி, அதை விடேலாது. ஆறு வயசுப் பிள்ளை, நான் வந்து இறங்குமட்டும் துறையடியில நிப்பாள்.” போட் வெளிக்கிடுகிற குறிகட்டுவானுக்குப் பஸ் ஒன்றரைக்கு. “பத்து நிமிச வேலையக்கா” என்று கையேட்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். போன இடத்தில் கதை நீண்டுவிட்டது.

திரும்பி வரும்போது மணி மூன்றுக்குக் கிட்ட. அக்கா அதே கதிரையில் திரையைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு வந்ததே கோபம். “ஏனக்கா எனக்குப் போன் அடிக்கேல்லை?”

“அடிச்சனான். உம்மட போன் இந்த மேசையிலதான் கிடந்து அடிச்சது.”

மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். கட்டளையின் கடைசியில் பட்டியலின் பெயரை எழுத மறந்திருந்தேன். பெயர் இல்லையென்றால் அந்தக் கருவி பிழை என்று சொல்லாது. நாம் ஏதாவது எழுதித் தருவோம் என்று பேசாமல் காத்திருக்கும். அக்காவும் காத்திருந்தார்.

“ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லுமெண்டு நினைச்சனான். இடையில நிப்பாட்டினால் சனத்தின்ர விபரம் பழுதாப்போயிடும் எண்டு பயம், தம்பி.”

இன்றைக்கு வரமாட்டேன், பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் போனில் சொல்லியிருக்கிறார். சொன்னாலும் கேளாமல் பிள்ளை துறையடிக்கு ஓடிவிட்டதாம். மூன்றரைக்குப் போட் போய்ச் சேர்ந்து, கடைசி ஆள் இறங்கும்வரைக்கும் நின்று பார்த்துவிட்டு அழுதுகொண்டு வீட்டுக்குப் போனதாம். அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அடுத்த நாள் காலை வெளிக்கிடும்போது கையேட்டை நீட்டி, “இதில ஒரு வரி கூடப் போடும்” என்றார், அவ்வளவுதான்.

இப்போது இப்படியான அறிமுகங்கள் எழுதுவதுதான் என் தொழில். எந்தக் கருவியானாலும் முதற் பக்கத்தில் அந்த வரி இருக்கும்: ‘தேடும்போது திரை பேசாமல் இருந்தால் பயப்படவேண்டாம். கன்ட்ரோலை அழுத்தியபடி சி-யைத் தட்டிவிட்டு எழும்பிப் போகலாம். உங்கள் பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது.’ இது எதற்கு, எல்லாருக்கும் தெரியுந்தானே என்று கூட வேலைசெய்பவர்கள் வெட்டச் சொல்வார்கள். வெட்டமாட்டேன். லாச்சியைத் திறந்து அந்த ஓரத்தைக் காட்டுவேன். வருத்தக்காரரின் கட்டிலடியில் நின்று குறிக்கிற அதே பழக்கத்தில் அக்கா எழுதிவைத்தது:

12.50 – அசைவில்லை.
1.15 – அசைவில்லை.
1.30 – பஸ் போகுது. அசைவில்லை.
2.30 – பிள்ளை துறையடிக்குப் போயிட்டாள். அசைவில்லை.