நலமானவர் வரிசையில் ஒரு குழாய்

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில் அவருக்குக் ‘கொசு அக்கா’ என்று பெயர். எடுத்து முடித்த பிறகுதான் ஊசி குத்தியதே கையைக் கொடுத்தவருக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாகப் புற்றுநோயாளிகளின் சுருங்கிப்போன நரம்புகளைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துவருபவர்.

மாடி ஆய்வகத்தில் இருந்த ஆராய்ச்சிப் பெண், நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் கேட்டாள். அக்காதான் முதல் ஆளாகக் கையை நீட்டினார்; அவரைப் பார்த்துச் சக ஊழியர்கள் சிலரும் கொடுத்தார்கள். ஏதாவது தென்பட்டால் தன்னிடம் சொல்லலாம் என்று படிவத்தில் கையெழுத்தும் போட்டார்.

ஐந்து வாரம் கழித்து அவள் இறங்கி வந்தாள்.

“அக்கா, மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு செல்லுக்குள்ள சின்னச் சின்னத் துணுக்கு இருக்கு. மரபணுவை அளவோட அடக்கி வைக்கிறது அதுதான். அதுல சிலது எகிறிட்டா, கட்டி வளராம தடுக்குற மரபணுவையே அடக்கிடும். உங்க ரத்தத்துல அப்படி ஒண்ணு தூக்கலா இருக்கு.”

“எடுக்கும்போது சிவப்பணு உடைஞ்சு அளவு கூடிக் காட்டியிருக்கும். புதுசா வந்த பொண்ணுதான் எடுத்தா.”

அப்படியும் நடக்கக்கூடியதுதான். அக்கா தன் இடது கையில் தானே ஊசி போட்டு மறுபடி எடுத்தார். இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. அளவு மாறவில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. “இது இன்னும் ஆராய்ச்சிதாம்மா. இத வச்சு நோய் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. நாலு மாசத்துக்கு ஒரு தடவை பாப்போம்,” என்றார் பெரிய டாக்டர்.

பஸ் ஓட்டும் கணவரிடம் அக்கா இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரே வாரத்தில் மூன்றாம் முறையாகச் சோற்றில் உப்பு கரித்தபோது அவரே கேட்டார். அக்கா சொல்லிவிட்டார்.

“இப்ப இருக்கா, இல்லையா?”

“தெரியலைங்க.”

“தெரியாததுக்கா இப்படி உருகுற?” என்றவர், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மூன்றாவது ஸ்கேனில் சிறுநீரகத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான்.

“அந்தத் துணுக்கை அடக்க மருந்து இல்லையா?” என்று படுக்கையில் இருந்தபடி ஆராய்ச்சிப் பெண்ணைக் கேட்டார் அக்கா.

“முயற்சி நடக்குதுக்கா. மருந்தைக் கட்டிக்குள்ள கொண்டுபோய்ச் சேக்குறதுதான் பெரும்பாடா இருக்கு.”

“எப்படியோ, உன் சோதனைதான் என்னைக் காப்பாத்துச்சு.”

“அப்படிச் சொல்லத்தான் ஆசை. ஆனா உங்கள மாதிரி ரத்தம் கொடுத்ததுல இதே அளவு இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கு. அவங்களுக்கு ஸ்கேன்ல இதுவரைக்கும் ஒண்ணும் தெரியல.”

யார் என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர்கள் சிரித்துப் பேசும்போது, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். ‘உனக்குமா?’ என்ற கேள்வி நுனிநாக்கு வரை வருகிறது. தண்ணீரைக் குடித்து விழுங்கிவிடுகிறார்.