சோலையம்மாள் கொடுத்த பாலாடை

நாடகத்துக்கு ஒரு பாலாடை வேண்டும் என்று வாத்தியார் இருளாண்டி ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார். கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னப் பித்தளைச் சாமான்தான்; வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் மேடையில் அதைப் பிடிக்கப்போகிறவள் பட்டினியில் பிள்ளையைப் பறிகொடுக்கும் ராணி. பிள்ளைக்காரி எவள் கொடுப்பாள்? கடைசியில் சோலையம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"ஒனக்குத்தான் பிள்ளகுட்டி இல்லையே, தாயி. நீ குடுத்தா ஒரு குத்தமும் இல்ல."

நல்ல மனுஷன்தான். நரம்பில்லாத நாக்கு, என்ன செய்வது?

பிள்ளை இருந்தது. பூமயில் என்று பெயர். முந்தின வருஷம், ஐம்பத்தொன்று பங்குனியில், பல் முளைக்கும் முன்பே அம்மை போட்டுப் போய்விட்டது. சாயல்குடிப் பக்கம் அப்போது வேப்பிலை செருகாத வீடு குறைவு. அம்மையில் போன பிள்ளையை மாரியாத்தா எடுத்துக்கொண்டாள் என்பார்கள் எங்கள் ஊரில். அதற்கு அழக்கூடாது. பேரைச் சொல்லிப் புலம்பினால் ஆத்தா மறுபடி ஊருக்குள் வந்துவிடுவாளாம். துக்கம் கேட்க ஒருத்தரும் வரவில்லை. புருஷன் சோணைமுத்து கொழும்புக்குப் பிழைக்கப் போனவன் போனவன்தான். மறுநாளே அவள் மிளகாய்க் கொல்லைக்குப் பழம் பறிக்கப் போனாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தெய்வத்துக்குப் பயப்படலாம், பெற்றவள் முகத்தைப் பார்க்கக் கூடவா பயம்?

அவள் பாலாடையைப் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தாள்.

ராணி வேஷம் கட்டிய சின்னச்சாமி, துணிப்பொம்மையை மடியில் கிடத்தி, பாலாடையை அதன் வாயில் சாய்த்தான். சொட்டுப் பால் இல்லை. பாட்டு ஒன்றும் பாடவில்லை. வறண்ட பாலாடையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தான், அவ்வளவுதான். பெண்கள் பக்கம் ஒரே அழுகை. பொம்மைக்கு அழ எங்கள் ஊரில் தடையே கிடையாது.

சோலையம்மாளும் அழுதாள். முதலில் மற்றவர்களைப் போலத்தான். பிறகு, "ஏ பூமயிலு, என்னப் பெத்த தாயி" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த ராக்கு அவள் வாயைப் பொத்தினாள். "பேரச் சொல்லாத. எங்க வீட்லயும் பிள்ளைக இருக்கு."

சுற்றி இருந்தவர்கள் பாயை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். கூட ஒருத்தரும் போகவில்லை.

மறு வாரம் அதே நாடகம் மாரியூரில். சோலையம்மாள் உடைமரக் காட்டு வழியே தனியாக நடந்து போனாள். பாலாடையைத் திருப்பி வாங்கப் போகிறாள் என்று ஊர் நினைத்தது. அவள் அழப் போனாள். அங்கே அவளைத் தெரிந்தவர்கள் இல்லை.

அந்தக் காட்சி வந்ததும், கூட்டத்தோடு கூட்டமாக, பேர் மட்டும் சொல்லாமல், தொண்டை வற்றும்வரை அழுதாள். பக்கத்தில் இருந்த மீன்காரி முருகம்மாள் சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"நாடகத்துக்கே இந்த அழுக அழுகுறியே. ஒனக்குப் பிள்ளைக இருக்கா, தாயி?"

"ஒண்ணு. பொம்பளப் பிள்ள."

"பேரு என்ன?"

சோலையம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"பூமயிலு."

"நல்ல பேரு," என்றாள் முருகம்மாள். "நடக்குறாளா?"

"இப்பத்தான்," என்றாள் சோலையம்மாள். "செவரப் பிடிச்சு நடக்குறா."