யார் வேண்டுமானாலும் திறக்கலாம்

மதுரையிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் முதல் நாளே என்னிடம் கேட்டது எங்கள் உறுப்பினர் பதிவேட்டைத்தான்.

சங்கரன்கோவிலில் ஓர் உழவர் நிறுவனத்தின் அலுவலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சுற்றுவட்டாரத்து மானாவாரி விவசாயிகள் பங்கு போட்டு நடத்துவது. ராஜபாளையம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். அந்த வருடம் உறுப்பினர்கள் எல்லாருடைய நிலத்திலும் மண் எடுத்துப் பரிசோதித்துக் கொடுப்பதாக முடிவாகி, மண் எடுக்கும் வேலையை மதுரைக்காரரிடம் விட்டிருந்தோம். புரட்டாசி மழை விழுந்து விதைப்பு ஆரம்பிப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

எங்கள் பதிவேடு முழுக்க ஆன்லைனில் ஒரே ஷீட்டாக இருந்தது. பெயர், ஊர், போன் நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு, நிலத்தின் சர்வே எண், கடைசியாகக் 'குறிப்பு'. மண் எடுக்க வருகிறவருக்கு ஆதார் எதற்கு, வங்கிக் கணக்கு எதற்கு? பெயரும் ஊரும் போனும் சர்வே எண்ணும் போதும். அவற்றை மட்டும் வேறொரு ஷீட்டில் எடுத்துப் போட்டு, அவருடைய மெயிலுக்கு, பார்க்க மட்டும் முடிகிற மாதிரி அனுப்பினேன்.

பத்தே நிமிடத்தில் போன் வந்தது.

"முழு ஷீட்டையும் ஷேர் பண்ணிருங்க மேடம். எங்களுக்கு வேண்டியத நாங்களே எடுத்துக்கிறோம்."

"அதுல ஆளுகளோட சொந்த விவரம் நெறைய இருக்கு சார். ஒங்களுக்கு வேண்டியது எல்லாம் இதுலயே இருக்கு."

"சரி, அப்ப யார் வேணா திறக்கிற மாதிரி லிங்க் குடுங்க. எங்க ஆளுங்க மூணு பேரு ஃபீல்டுல இருக்காங்க."

அவர்களுடைய மெயில் ஐடியைக் கேட்டேன். அங்கே தொடங்கியது அவஸ்தை. அந்த மூன்று பேருக்கும் தங்கள் மெயில் ஐடி என்னவென்று தெரியாது. போன் வாங்கின கடையில் யாரோ உண்டாக்கிக் கொடுத்தது. ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லி, எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினேன். ஒருவர் பெயருக்குப் பின்னால் இருந்தது ஓ-வா பூஜ்ஜியமா என்று கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று. மறுநாள் பார்த்தால், நான் கேள்விப்படாத முகவரிகளிலிருந்து அனுமதி கேட்டு ஏழெட்டு மெயில். யார் நீங்கள் என்று கேட்டு எழுதினால் பதில் கிடையாது. ஒப்பந்தக்காரரைக் கேட்டால், "நம்ம ஆளுங்களாத்தான் இருக்கும், குடுத்துருங்க" என்றார். நான் கொடுக்கவில்லை.

அவர் எங்கள் தலைவரிடம் புகார் சொல்லிவிட்டார்.

தலைவர் மேலநீலிதநல்லூர்க்காரர். நல்ல மனிதர். உறுப்பினர் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் நான் செய்கிற இந்த வேலையெல்லாம் அவருக்கு வீண் பிடிவாதமாகத்தான் பட்டது.

"ஏம்மா, அந்தாளு என்னையப் போட்டு அரிச்செடுக்காரு. நாமளே கூப்பிட்டுட்டு நாமளே மறிச்சா வேலை எப்படி நடக்கும்?"

"அண்ணாச்சி, அதுல ஆதார் இருக்கு, பேங்க் நம்பர் இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. அத வச்சு அவரு என்ன செய்யப் போறாரு? மழை வந்துட்டா மண்ணு எடுக்க முடியாது, பாத்துக்கோ."

மழைப் பயம் எனக்கும் இருந்தது. இருந்தாலும் விடவில்லை. முழுப் பதிவேட்டைத் திறந்துவிடக் கூடாது, யாருக்காவது திறக்கவில்லை என்றால் என்னிடம் சொல்லச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். 'சரி சரி' என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. போன் பைக்குள் கிடந்தது. அதே நாளில் ஒப்பந்தக்காரர் தன் ஆட்களில் ஒருவரை மாற்றிவிட்டுப் புதிதாக ஒருவரை அனுப்பியிருக்கிறார். அவர் குருவிகுளம் பக்கம் வெயிலில் நின்றுகொண்டு லிங்க் திறக்கவில்லை என்று சொல்ல, ஒப்பந்தக்காரர் என்னைக் கூப்பிட, நான் எடுக்காமல் போக, தலைவரைப் பிடித்துவிட்டார். தலைவருக்கும் பதிவேட்டில் என்னைப் போலவே எல்லா அதிகாரமும் உண்டு. நான் பார்த்துப் பார்த்துச் செய்த சின்ன ஷீட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெரிய பதிவேட்டைத் திறந்து, ஒப்பந்தக்காரர் போனில் சொல்லச் சொல்ல, லிங்க் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம் என்று மாற்றி, அந்த லிங்கை அனுப்பிவைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பதிவேட்டைத் திறந்தேன். மேலே பெயரில்லாத நாலைந்து பேர் உள்ளே இருப்பதாகக் காட்டியது. உடனே லிங்கை மூடிவிட்டுத் தலைவருக்குப் போன் செய்தேன்.

"வேலை நடந்துச்சா இல்லியா, அதச் சொல்லு" என்றார்.

வேலை நடந்திருந்தது. ஒரே நாளில் மூன்று ஊர் முடித்திருந்தார்கள். போனை வைத்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து இளையரசனேந்தலிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் வந்தார். என் வயது இருக்கும். இரண்டு ஏக்கரில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். விதை கேட்டு வந்திருந்த இருவர் போகும்வரை சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. அவர்கள் போனதும் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"என் பேருக்கு நேரா என்ன எழுதி வச்சிருக்கீய மேடம்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதிவேட்டில் அவர் பெயரைத் தேடி, கடைசிவரை தள்ளிக்கொண்டு போனேன். குறிப்பு என்ற இடத்தில் இருந்தது: 'கணவர் பிரிந்து போய்விட்டார். தனியாகப் பயிர் செய்கிறார்.' எழுதியது நான்தான். உறுப்பினர் சேர்க்கைக்காக ஊர் ஊராகப் போனபோது, யாருக்கு என்ன நிலைமை என்று ஞாபகத்துக்காக எழுதிவைத்தவை அந்தக் குறிப்புகள். மானியத்தில் விதை வரும்போது தனியாகப் பாடுபடுகிற பெண்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். வெளியே தெரியாதிருக்க அந்த வரிசையை ஷீட்டில் மறைத்தும் வைத்திருந்தேன். இப்போது அது திறந்து கிடந்தது. திருத்தும் அனுமதியோடு வருகிறவருக்கு அது ஒரு தட்டலில் திறந்துகொள்ளும் என்று நான் யோசிக்கவில்லை.

அவர் நடந்ததைச் சொன்னார். குரல் உயரவே இல்லை.

"மண்ணு எடுக்க ஒருத்தரு வந்தாரு. போனப் பாத்துக்கிட்டே, 'புருஷன் பிரிஞ்சு போயி தனியா இருக்கவங்கன்னு போட்டுருக்கு, அது நீங்கதானா'ன்னு கேட்டாரு. பக்கத்துப் புஞ்சையில நாலு பேரு நிக்காக. வீட்டுக்காரவுக கேரளாவுல வேலையில இருக்காகன்னுதான் நான் ஊருல சொல்லி வச்சிருக்கேன். மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"அது ஒங்ககிட்ட சொன்னது. கம்ப்யூட்டருக்கா சொன்னேன்?"

அவர் கண்முன்னே அந்த வரியை அழித்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அந்த ஆளு போன்ல இருக்கது?" என்று கேட்டார்.

ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொல்லி, எத்தனை பேரிடம் அந்தப் பதிவேடு இருக்கிறது என்று கேட்டேன்.

"டெலிட் பண்ணச் சொல்லிடுறேன் மேடம்."

"யார் யாருக்கு அனுப்புனீங்க?"

"டவுன்லோடு பண்ணி எங்க குரூப்ல போட்டேன். சிக்னல் இல்லாத இடத்துல பாக்கறதுக்காக."

"குரூப்ல எத்தன பேரு?"

"பழைய ஆளுங்களும் இருப்பாங்க. பாத்துச் சொல்றேன்."

எதிரே நின்றவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என்னைத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது.

ஒப்பந்தக்காரர் பார்த்துச் சொல்லவில்லை. நானே நாலுமுறை கூப்பிட்ட பிறகு, எல்லாரும் அழித்துவிட்டார்கள் என்று ஒருவரிச் செய்தி வந்தது. அது உண்மையா என்று பார்க்க எனக்கு ஒரு வழியும் இல்லை. அழித்தவர்கள் யார், அதற்குள் படித்தவர்கள் யார், வேறு யாருக்காவது தள்ளிவிட்டவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உறுப்பினர்கள் எல்லாருக்கும் போன் செய்து, உங்கள் விவரம் வெளியே போய்விட்டது, யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று எச்சரித்தேன். பாதிப் பேருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. ஒரு பெரியவர், "ஏம்மா, அப்ப எனக்கு எப்ப மண்ணு எடுக்க வருவாக?" என்று கேட்டார்.

தலைவரிடம் நேரில் போய்ச் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. "கார் எடுத்துட்டு வாரேன். ரெண்டு பேரும் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நம்ம கார் அவுக வாசல்ல நின்னா, தெருவே என்ன ஏதுன்னு கேக்கும்."

தலையை ஆட்டினார். போனில் கூப்பிட்டுப் பார்த்தார். அந்தம்மா எடுக்கவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கக்கூட முடியாத ஒரு தப்பைச் செய்துவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். தலைவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. லிங்கைத் திறந்துவிட்டது அவர். ஆனால் அந்த வரியை எழுதி அங்கே வைத்தவள் நான்.

குறிப்பு வரிசை முழுவதையும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அண்ணன் தம்பி வழக்கு, மகனுடன் பேச்சில்லை, குடிப்பழக்கம். ஒவ்வொன்றும் எனக்கு நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டது, நல்ல எண்ணத்தில் நான் எழுதியது. எல்லாவற்றையும் அழித்தேன். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் தனி ஷீட்டுக்கு மாற்றி, அதைத் திறக்கும் உரிமையை எனக்கும் தலைவருக்கும் மட்டும் வைத்தேன். தலைவர் தன் பெயரைத் தானே எடுத்துவிடச் சொன்னார். வெளி ஆட்களுக்கு இனி அவரவர் மெயிலில், பார்க்க மட்டும், டவுன்லோடு செய்ய முடியாமல். வேலை முடிகிற தேதியோடு அனுமதியும் முடிந்துவிடும். திரையைப் படம் எடுத்தால் நான் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. அதனால்தான் தேவையில்லாத எதையும் அதில் வைப்பதில்லை.

அடுத்து மருந்து தெளிக்கும் ட்ரோன்காரர் வந்தார். அவரும், "முழு ஷீட்டையும் ஷேர் பண்ணிருங்க மேடம்" என்றுதான் ஆரம்பித்தார். காரணத்தை விளக்கிச் சொல்லும்போது என் குரல் தேவைக்கு மேல் கடுத்துவிட்டது. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

மண் பரிசோதனை அட்டைகள் தை மாதம் வந்தன. இளையரசனேந்தல்காரர் வந்து வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். மகள் கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்க வாய்வரை வந்தது. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இனி இல்லை என்று தோன்றவே, மணிச்சத்து குறைவாக இருக்கிறது, அடுத்த விதைப்புக்கு முன்னால் டிஏபி உரம் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

சொன்னேன். அட்டையின் பின்பக்கம் தானே எழுதிக்கொண்டு போனார்.