வேரோனிக்கா அக்காவின் ஆறு தட்டுகள்

கிளடிஸ் கனடாவுக்கு வந்த முதல் மாரிக் குளிரில், கென்னடி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு காலை, முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். காற்று வடக்கிலிருந்து அடித்தது. கிளடிஸ் போட்டிருந்தது கோயிலுக்குப் போடுகிற சப்பாத்தும் யாரோ கொடுத்த மெல்லிய கோட்டும். அந்தப் பெண் ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, காற்று வருகிற பக்கமாய்ப் போய் நின்றாள். பஸ் வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. தனக்குக் காற்றை மறைக்கத்தான் அவள் அங்கே நின்றாள் என்பது பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் கிளடிஸுக்கு விளங்கியது. மறைத்து நின்றவளின் தலையில் ஒரு தொப்பிகூட இருக்கவில்லை.

அவள்தான் வேரோனிக்கா. ஊர் மன்னார்ப் பக்கம். டோர்செட் பார்க்கில் கிளடிஸ் இருந்த அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே இருந்தாள். புருசன் ஊரிலேயே காய்ச்சலில் போய்விட்டார். மகள் கிறிஸ்ரினாவைப் படிப்பிக்கவென்று ஒரு ஹொட்டேல் லோன்றியில் வேலை செய்தாள். மெசின் கக்குகிற வெள்ளைத் துணிகளை நாள் முழுக்க நின்று மடிக்கிற வேலை. ஞாயிறு பூசையில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். ஆண்டவர் பிந்தித் தந்த கூடப்பிறப்பு என்றுதான் கிளடிஸ் அவளை நினைத்தாள்.

ஒருநாள் கிளடிஸ் மேலே போனபோது, வேரோனிக்கா குசினியில் நின்று, பால் நிரம்பிய ஜக்கை இரண்டு கையாலும் நேராய் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் சுவரில் ஒட்டியிருந்த ஒரு கறுப்புப் பொட்டில் நின்றது.

“என்னக்கா, ஏதும் நேர்த்திக்கடனோ?”

“இல்லையடி. கை ஆடாமப் பழக்கிறன். சனிக்கிழமையில டொறீனோட பிஸ்ரல் வெடி வைக்கப் போறனான்.”

டொறீன் லோன்றியில் மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்காரி. யூனியன்வில் என்ற ஊரையும் தாண்டி வடக்கே இருந்த ஒரு பிஸ்ரல் கிளப்பில் கனகாலமாய்ச் சேர்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவள், ஒருக்காச் சுட்டுப் பார் என்று கையில் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த பிடிதான்.

கிளடிஸ் சிலுவை போட்டாள். “உங்களுக்கென்ன விசரோ? உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்.”

“அங்க சத்தம் எங்கயிருந்து வருமெண்டு ஆருக்கும் தெரியாது. இஞ்ச அது எப்ப வரவேணுமெண்டு நான்தான் சொல்லுறன்.” வேரோனிக்கா ஜக்கை மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறினாள். “கிழமை முழுக்க மெசின் சொல்லுறதை நான் கேக்கிறன். சனிக்கிழமையில ஆறு இரும்புத் தட்டு நான் சொல்லுறதைக் கேக்குது. பெத்த பிள்ளைகூட அப்பிடிக் கேக்காது, கிளடிஸ்.”

கிளடிஸால் அதற்குச் சிரிக்க முடியவில்லை. அவளுடைய தம்பி அன்ட்ரூவை ஊரில் வீட்டு வாசலில் வைத்துத்தான் சுட்டார்கள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் அவன் நின்றான். நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ என்று தாய் கத்தினாள். ஒருவரும் நிப்பாட்டவில்லை. கிளடிஸ் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. செபமாலை சொல்லும்போது அவனுக்கென்று ஒரு அருள் நிறைந்த மரியாயே கூடச் சொல்வாள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணிக் கடைசியில் அந்தக் கிளப்பில் பெரிய போட்டி இருந்தது. மாகாணம் முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள். அதில் ஒருக்கா நிற்க வேண்டும் என்பது வேரோனிக்காவின் ஆசை. பழகுகிறதென்றால் டொறீனின் பிஸ்ரலை டொறீனுக்கு முன்னால் பிடிக்கலாம். போட்டிக்கு நிற்கச் சொந்தமாய் ஒன்று வேண்டும். அதற்குப் பொலிஸின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு, தன்னை நன்றாய் அறிந்த இரண்டு பேரின் பெயர் கொடுக்க வேண்டும். ஒன்று டொறீன். மற்றது கிளடிஸ்.

“பொலிஸ் போன் எடுப்பாங்கள்,” என்றாள் வேரோனிக்கா. “எனக்கு விசரில்லை, குடியில்லை, ஆரோடையும் சண்டைக்குக் கொழுவுறேல்லை எண்டு சொல்லு. விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லிப்போடு, வேற ஆளைப் பாக்கிறன்.”

“நீங்கள் கேட்டு நான் மாட்டன் எண்டுவனோ?”

வாய் அப்படிச் சொன்னது. மனம், இது எப்படியாவது தட்டிப்போகட்டும் என்று அந்தோனியாரிடம் கேட்டது. புருசன் அருள்நாயகம் பகிடி பண்ணினான். “உன்ர அக்கா பாங்க் அடிக்கப் போறாவோ? எனக்கும் ஒரு பங்கு வைக்கச் சொல்லு.”

பொலிஸ் போன் வந்தது ஒரு பகல், சோறு கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஒப்பீசர் மரியாதையாய்த்தான் கதைத்தார். வேரோனிக்காவிடம் துவக்கு இருக்கக்கூடாது என்று சொல்ல உங்களிடம் காரணம் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். தமிழில் ‘ஒண்டும் இல்லையோ’ என்று கேட்டால், ‘ஓம், ஒண்டும் இல்லை’ என்றுதானே நாங்கள் சொல்வோம். கிளடிஸ் ‘யெஸ்’ என்றாள். இங்கிலிசில் அதற்கு அர்த்தம் நேர் எதிர்: காரணம் இருக்கிறது. ஒப்பீசர் கொஞ்சம் நிறுத்தி, நிச்சயமாய்த்தான் சொல்கிறீர்களோ என்று கேட்டார். ‘யெஸ், யெஸ். தாங்க் யூ,’ என்று வைத்துவிட்டு அவள் சோற்றைப் பார்க்க ஓடினாள்.

பிறகு ஒருநாள் வேரோனிக்கா கடிதமும் கையுமாய்க் கீழே வந்தாள். பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் மறுப்புச் சொன்னபடியால் அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

“அந்தாள் கேட்டதுக்கு நீ என்ன சொன்னனீ?”

“யெஸ் எண்டுதான் சொன்னனான். கேட்டதெல்லாத்துக்கும் யெஸ்தான்.”

“சரி, கேட்டது என்ன?”

கிளடிஸ் ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னாள். வேரோனிக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“அடியே, நல்லாய்ச் சொல்லிப்போட்டாய். பரவாயில்லை, திரும்ப எடு. இந்தமுறை நோ எண்டு சொல்லு.”

கிளடிஸ் போனைத் தொடவில்லை. முதல் சொன்னது தெரியாமல் சொன்னது. அது அவள் அந்தோனியாரிடம் கேட்டபடியே வந்தும் முடிந்திருந்தது. இனிச் சொல்லப்போவது தெரிந்து சொல்கிற சொல்.

“அக்கா, நான் ஒருக்கா அங்க வந்து பாக்கிறன். பாக்காமச் சொல்லமாட்டன்.”

வேரோனிக்காவின் சிரிப்பு நின்றது. “பாத்துப்போட்டும் உனக்குப் பிடிக்காட்டி?”

“பிடிக்காட்டி, வேண்டாமெண்டுதான் சொல்லுவன்.”

வேரோனிக்கா கடிதத்தை மடித்தாள். அவள் கோபிப்பாள் என்றுதான் கிளடிஸ் பயந்தாள். “சனிக்கிழமை விடிய வெள்ளண வெளிக்கிடு,” என்றாள் வேரோனிக்கா. “செபமாலையை நீ கொண்டு வா. காதுக்கு மூடி கிளப்பில தருவினம்.”

கிளப் என்பது மண்ணால் அணை கட்டிய ஒரு வெளி. எதிரே இரும்புச் சட்டத்தில், சாப்பாட்டுப் பீங்கான் அளவில் ஆறு வட்டத் தட்டுகள் வெள்ளை பூசி வரிசையாய் நின்றன. குண்டு பட்டால் பின்பக்கம் சாயும். டொறீன் கிளடிஸைப் பின்னால் ஒரு வாங்கில் இருத்தினாள். வேரோனிக்கா, சுடுகிறவர்கள் நிற்கிற கோட்டில் போய் நின்றாள். இடுப்பு உறைக்குள் டொறீனின் பிஸ்ரல் இருந்தது. பயிற்சியை நடத்துகிறவர் ஏதோ சொல்ல, அவள் இரண்டு கைகளையும் தோளளவுக்குத் தூக்கினாள்.

கிளடிஸ் பதறி எழும்பிவிட்டாள். டொறீன் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற ஆட்களைக் காட்டினாள். எல்லாரும் அப்படித்தான், கையைத் தூக்கி நின்றுதான் தொடங்க வேண்டும், அது விதி என்று மெதுவாய்ச் சொன்னாள். கிளடிஸ் இருக்கவில்லை. நின்றபடியே செபமாலை மணிகளை இறுக்கிப் பிடித்தாள்.

ஹோர்ன் அடித்தது. பிஸ்ரல் எப்போது கைக்கு வந்ததென்று கிளடிஸ் காணவில்லை. தட்டுகள் இடமிருந்து வலமாய் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. வேரோனிக்காவின் முகத்தில் கோபம் இல்லை. ஊசிக்கு நூல் கோக்கிறவளின் முகம்தான் இருந்தது. ஐந்து தட்டு விழுந்தது. ஆறாவதுக்கு நேரே பிஸ்ரல் வந்து நின்ற அதே நேரம் இரண்டாம் ஹோர்ன் அடித்தது.

வேரோனிக்கா சுடவில்லை. விரலை எடுத்து, பிஸ்ரலைத் தாழ்த்திவிட்டாள். ஆறாவது தட்டு அப்படியே நின்றது.

திரும்பி வரும்போது அஜின்கோர்ட்டில் ஒரு கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கவென்று காரை நிறுத்தினார்கள். கிளடிஸ் கேட்டாள், “ஏனக்கா கடைசித் தட்டை விட்டனீங்கள்? துவக்கு நேராத்தானே நிண்டது?”

“ஹோர்ன் அடிச்சிட்டுதெல்லோ.”

“ஒண்டுதானே மிச்சம்.”

“ஒண்டெண்டாலும் அடிச்சா நிப்பாட்ட வேணும். நிப்பாட்டத் தெரியாதவனைப் போட்டிக்கு எடுக்கமாட்டினம்.”

கிளடிஸ் ரோல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பொலிசுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று வேரோனிக்காவும் வீடு வரும்வரை கேட்கவில்லை.

திங்கட்கிழமை அருள்நாயகத்தை ரேடியோவைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கிளடிஸ் தானே பொலிசுக்குப் போன் எடுத்தாள். “நோ,” என்றாள். வேண்டாம் என்று சொல்கிறது மாதிரி நாக்குக் கூசியது. “நோ றீசன். வேரோனிக்கா குட். ஹோர்ன் கம், வேரோனிக்கா ஸ்ரொப்.” ஒப்பீசருக்கு அதில் என்ன விளங்கியதோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். அவர் கேள்வியை மாற்றி, மெதுவாய்த் திரும்பக் கேட்டார். இந்தமுறை அவள் முழுதாய்க் கேட்டு முடித்த பிறகுதான் மறுமொழி சொன்னாள்.

அனுமதி போட்டிக்குக் கொஞ்சம் முன்னர் வந்து சேர்ந்தது. வேரோனிக்கா போட்டியில் நின்றாள். முடிவுப் பட்டியலில் பெயரைக் கடைசியிலிருந்து தேடினால் லேசாய்க் கண்டுபிடிக்கலாம் என்று தானே சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் அடுத்தடுத்த வருசமும் போனாள். ஒருமுறை பெண்களுக்குள் மூன்றாவதாய் வந்து ஒரு சின்னக் கேடயம் கொண்டுவந்தாள். கோயிலில் சிலர், இவ முந்தி இயக்கத்தில இருந்தவவோ என்று குசுகுசுத்தார்கள். “அவ தட்டுக்குத்தான் சுடுறவ, உங்கட நாக்குக்கில்லை,” என்று வாயில்லாத கிளடிஸ் கோயில் வாசலில் நின்று சொன்னது பலருக்கு ஆச்சரியம்.

தொண்ணூற்றெட்டில் கிறிஸ்ரினாவுக்குக் கல்கரியில் நேர்ஸ் வேலை கிடைத்தது. வேரோனிக்காவும் மகளோடு வெளிக்கிட்டாள். இரண்டு பேரும் கடைசியாய் நேரில் கண்டது எயார்போட்டில்தான். அங்கே கிளடிஸ் அவளுடைய நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். அழக்கூடாது என்று வந்தவள் அழுதாள். வேரோனிக்கா அவளுடைய கோட்டின் பொத்தானைச் சரியாய்ப் பூட்டிவிட்டாள்.

“அங்கயும் ஒரு கிளப் இருக்காம்,” என்றாள். “என்னைப் பற்றி ஆரிட்டக் கேக்கலாமெண்டு கேப்பினம். உன்ர நம்பரைத்தான் குடுப்பன். போன் அடிச்சா எடு.”