பக்கத்து நாற்காலியில் கேட்ட இத்தாலியப் படம்

எங்கள் திரைப்படச் சங்கத் தலைவரே, அந்தப் பெண்ணை விரட்டியது நீங்கள்தான்.

நான் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். பழைய இத்தாலியக் காதல் நகைச்சுவைப் படம் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்தேன். திரையின் கீழே வந்த ஆங்கில வரிகள் நான் படித்து முடிப்பதற்குள் மறைந்தன. நான் திணறுவதைப் பார்த்த பக்கத்து நாற்காலிப் பெண் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

மாடியில் நின்ற நாயகி, கீழே பாடிய ரொட்டிக்காரன் தலையில் தண்ணீரை ஊற்றினாள்.

"பாஸ், 'வாளியையும் போடவா'ன்னு கேக்குறா. போடமாட்டா லா, அவ கண்ணைப் பாருங்க."

வாய்விட்டுச் சிரித்தேன். மனைவி இறந்தபின் நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

உடனே நீங்கள் வந்து, "இது என்ன பாசாரா, சந்தைக்கடையா? வெளிய போம்மா" என்றீர்கள்.

"படத்துல ஊரே கத்துது. நான் மெதுவாத்தானே பேசினேன்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். தெருவில் காணவில்லை. திரும்பி வந்தபோது திரையில் இருவரும் முத்தமிட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். நான் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயர்கூடத் தெரியாது. இப்போதும் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்து நாற்காலியில் என் தொப்பியை வைத்து இடம் பிடிக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கும் அந்த இத்தாலிய ஊர்க்காரர்கள் பேசுவது அவர் குரலில்தான் எனக்குப் புரியும்.

அடுத்த படம் போடும் முன் மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், தலைவரே. அவர் திரும்பி வந்தால் பேசலாமா, கூடாதா?